புரதம், காந்தம், ஆராய்ச்சிப் படிப்பு: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில் புரதங்களின் வடிவத்தை என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) கருவியில் வைத்துப் பார்ப்பதுதான் என் வேலை. ஊருக்கு வந்தால் சொந்தக்காரர்களும், கல்லூரிகளுக்குப் பேசப் போனால் மாணவர்களும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். முதலிலிருந்து படித்தால் பின்னால் வருவது சுலபமாகப் புரியும்.

நீ அங்க என்னதான் கண்ணு வேலை பண்ற? டாக்டரா, கம்ப்யூட்டரா?

ரெண்டும் இல்லை பெரியம்மா. நோயாளியைப் பார்க்கிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து வாங்குகிற டாக்டர் பட்டம். நம் உடம்பிலும் செடியிலும் கிருமியிலும் நடக்கிற வேலைகளில் பெரும்பகுதியைச் செய்வது புரதங்கள். ஒரு புரதம் எந்த வடிவத்தில் இருக்கிறது, அந்த வடிவம் எப்படி அசைகிறது, எதனோடு போய் ஒட்டுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. இதற்கு அமைப்பு உயிரியல் என்று பெயர்.

புரதம்னா முட்டையிலயும் பருப்புலயும் இருக்கிறதுதானே? அதுக்கு என்ன வடிவம்?

அதேதான். ஆனால் "புரதம்" என்பது ஒரே பொருள் இல்லை, ஆயிரக்கணக்கான வகை. எல்லாமே 20 வகை அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலிகள். அந்தச் சங்கிலி நீட்டி விட்டபடி கிடக்காமல், தன் வரிசைக்கு ஏற்ற மாதிரி மடிந்து ஒரு உருவத்துக்கு வரும். அந்த உருவத்தில்தான் அதன் வேலை இருக்கிறது. ரத்தச் சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடித்து விடுவது அது மடிந்திருக்கும் விதத்தால்தான்.

நம் ஊரிலேயே இதைக் கண்ணால் பார்க்கலாம். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் போகிற கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முக்கியமாக ரெண்டு புரதம்: நூலாக இருக்கிற ஃபைப்ராயின், நூலை ஒட்டிப் பிடிக்கிற பசையான செரிசின். நூல் எடுக்கும்போது கூட்டைச் சுடுதண்ணீரில் போட்டால் பசை இளகிவிடும், நூல் மட்டும் அப்படியே வரும். ரெண்டும் புரதம்தான், ஒன்று கரைகிறது, இன்னொன்று கரைவதில்லை. ஃபைப்ராயினில் கிளைசின், அலனைன், செரின் என்று சின்னச் சின்ன அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப வருவதால் சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் நெருங்கிப் படுத்து, தகடு தகடாக அடுக்கிக்கொள்கின்றன. தண்ணீர் உள்ளே நுழைய இடமில்லை. அதே ஃபைப்ராயின் புழுவின் சுரப்பிக்குள் இருக்கும்போது கெட்டியான திரவம். புழு தலையை ஆட்டி ஆட்டி இழுக்க இழுக்கத்தான் வடிவம் மாறி நூலாகிறது. சுரப்பிக்குள் இருக்கும்போது அது என்ன வடிவம் என்று ஜப்பானில் டெட்சுவோ அசகுரா என்பவரும் அவர் குழுவும் பல வருடம் ஆராய்ந்தார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது திண்மநிலை என்எம்ஆர், அதாவது மாதிரியைக் கரைக்காமல் திடமாகவே வைத்துப் பார்க்கிற முறை.

அணு காந்தம்னு பேர் இருக்கே, கதிர்வீச்சு ஒடம்புக்கு ஆகாதே?

பெயரில் இருக்கிற "அணுக்கரு" என்ற சொல்தான் பயமுறுத்துகிறது. இதில் கதிரியக்கம் கிடையாது. ஹைட்ரஜன் மாதிரி சில அணுக்களின் கரு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். அதைப் பெரிய காந்தத்துக்குள் வைத்து, ரேடியோ அலையால் கொஞ்சம் தட்டிவிட்டு, அது திருப்பித் தருகிற சிக்னலைக் கேட்கிறோம், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் எடுக்கிற எம்ஆர்ஐ ஸ்கேனும் இதே தத்துவம்தான். அங்கே உடம்பிலிருக்கும் தண்ணீரின் ஹைட்ரஜனைப் பார்க்கிறார்கள், நாங்கள் ஒரு புரதத்தின் ஒவ்வொரு ஹைட்ரஜனையும் தனித்தனியாகப் பார்க்கிறோம்.

ஆபத்து இருப்பது காந்தத்தில். காந்தப்புலத்தின் வலிமையை டெஸ்லா என்ற அலகில் அளப்பார்கள். ஸ்கேன் மையத்தில் 1.5 அல்லது 3 டெஸ்லா இருக்கும். 600 மெகாஹெர்ட்ஸ் என்எம்ஆர் கருவியில் 14.1 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைவிட இரண்டு லட்சம் மடங்குக்கும் மேல். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கிட்டே வரக்கூடாது, ஸ்பேனர், கத்தரிக்கோல் எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. உள்ளேயிருக்கும் கம்பிச்சுருளைக் குளிராக வைக்க மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியம், அதைச் சுற்றி மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன். ஹீலியம் திடீரென ஆவியானால் அறையில் ஆக்சிஜன் குறைந்துவிடும், உடனே வெளியே ஓட வேண்டும். புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் முதல் நாளே சொல்லித் தருவது இதைத்தான்.

காந்தத்த வெச்சு ஒரு புரதத்தோட வடிவம் எப்படிக்கா தெரியும்?

நல்ல கேள்வி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒரே காந்தத்துக்குள் இருந்தாலும் எல்லா ஹைட்ரஜனும் ஒரே அதிர்வெண்ணில் சிக்னல் தருவதில்லை. பக்கத்தில் என்ன அணு இருக்கிறது, எலக்ட்ரான்கள் எப்படிச் சூழ்ந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றும் துளித்துளி தள்ளி வரும். அந்தத் தள்ளலே ஒரு முகவரி. சின்ன மூலக்கூறு என்றால் இது போதும். புரதத்தில் நூற்றுக்கணக்கான ஹைட்ரஜன் இருப்பதால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும்.

அதனால் நைட்ரஜனையும் கார்பனையும் சேர்த்துப் பார்க்கிறோம். ஆனால் இயற்கையில் கிடைக்கிற கார்பனில் என்எம்ஆரில் தெரிகிற கார்பன்-13 சுமார் 1.1 சதவீதம்தான், நைட்ரஜன்-15 அரை சதவீதம்கூட இல்லை. ஆகவே நைட்ரஜன்-15 கலந்த உப்பையும் கார்பன்-13 கலந்த குளுக்கோஸையும் மட்டுமே தீனியாகப் போட்டு ஈ.கோலை பாக்டீரியாவை வளர்ப்போம். அது செய்து தருகிற புரதம் முழுக்க நமக்கு வேண்டிய கருக்கள் இருக்கும். அந்த மாதிரியிலிருந்து எடுக்கிற முதல் இருபரிமாணப் படத்துக்கு எச்எஸ்க்யூசி என்று பெயர். புரோலின் தவிர ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் சங்கிலியின் முதுகெலும்பிலிருந்து ஒரு புள்ளி விழும். புள்ளிகள் நன்றாகப் பரந்து விழுந்தால் புரதம் ஒழுங்காக மடிந்திருக்கிறது, நடுவில் ஒரே கும்பலாக விழுந்தால் மடியாமல் கிடக்கிறது. இதைத் திரையில் பார்க்கிற அந்த நிமிடத்துக்காகவே எத்தனை வாரம் வேண்டுமானாலும் உழைக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

அப்புறம் எந்தப் புள்ளி எந்த அமினோ அமிலம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் வைக்க வேண்டும். அது முடிந்தபின் என்ஓஈ என்கிற அளவீடு. சுமார் 5 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) தூரத்துக்குள் இருக்கிற ரெண்டு ஹைட்ரஜன்கள் ஒன்றையொன்று பாதிக்கும், அது படத்தில் தெரியும். சங்கிலியில் 10-ஆவது அமினோ அமிலமும் 80-ஆவதும் நெருக்கமாக இருப்பதாகத் தெரிந்தால், சங்கிலி எங்கோ மடங்கி ரெண்டும் பக்கத்தில் வந்திருக்கிறது என்று அர்த்தம். இப்படி ஆயிரக்கணக்கான தூரங்களைக் கணினியில் கொடுத்தால், அத்தனைக்கும் பொருந்துகிற வடிவம் வெளியே வரும். வழக்கமாக ஒன்று இல்லை, 20 வடிவங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டுவோம்.

இதெல்லாம் கண்டுபிடிச்சது வெளிநாட்டுக்காரங்கதானே? நம்மாளுங்க யாராவது இருக்காங்களா?

இருக்கிறார்கள், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஃபெலிக்ஸ் பிளாக், எட்வர்ட் பர்செல் இருவருக்கும் காந்த ஒத்ததிர்வுக்காக 1952-இல் நோபல் கிடைத்தது. முறையைக் கூர்மையாக்கிய ரிச்சர்டு எர்ன்ஸ்டுக்கு 1991-இல், புரத வடிவத்துக்குக் கொண்டுவந்த குர்ட் வூத்ரிச்சுக்கு 2002-இல். மேலே சொன்னேனே என்ஓஈ, அதை இருபரிமாணமாகப் புரதத்தில் அளந்து 1980-இல் வந்த கட்டுரையில் எர்ன்ஸ்ட், வூத்ரிச் பெயருக்கு முன்னால் முதல் பெயராக இருப்பது அனில் குமார். பிற்பாடு நம் பக்கத்து பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அதே கழகத்தில் ஜி. சூர்யன் 1951-லேயே ஓடுகிற திரவத்தில் காந்த ஒத்ததிர்வை அளந்திருக்கிறார்.

அப்புறம் ஜி.என். ராமச்சந்திரன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எதில் முடியாது என்று ராமகிருஷ்ணன், சசிசேகரனுடன் சேர்ந்து 1963-இல் வரைந்து காட்டினார். உலகத்தில் எந்த மூலையில் யார் ஒரு புரத வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், இன்றைக்கும் ராமச்சந்திரன் வரைபடத்தில் போட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் வெளியிடுவார்கள்.

நீங்க சொல்ற வடிவம் சரிதான்னு எப்படி நம்பறது? யாரும் கண்ணால பாக்கலயே?

இந்தச் சந்தேகம் விஞ்ஞானிகளுக்கே வந்தது. 1980-களின் நடுவில் வூத்ரிச் குழு 57 அமினோ அமிலம் கொண்ட ஒரு புரதத்தின் வடிவத்தை வெளியிட்டபோது, ஏற்கனவே தெரிந்த வேறொரு புரதத்தைப் பார்த்து இதைச் செய்திருப்பார்களோ என்று சிலர் கேட்டார்கள். அதனால் டென்டமிஸ்டாட் என்ற புரதத்தை எடுத்து, வூத்ரிச் குழு என்எம்ஆரிலும் ராபர்ட் ஹியூபர் குழு எக்ஸ்ரே முறையிலும் தனித்தனியாகச் செய்தார்கள். 1986-இல் ரெண்டு முடிவும் வந்தன, வடிவம் ஒத்துப்போனது. இது தவிர ராமச்சந்திரன் வரைபடம், அளந்த தூரங்களோடு ஒப்பீடு எல்லாம் ஒவ்வொரு முறையும் உண்டு. முடிவையும் தரவையும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி பொதுவில் வைத்தே ஆக வேண்டும்.

ஒரு நாள் வேலை எப்படிங்க மேடம் இருக்கும்? கருவி முன்னாடியே உட்கார்ந்திருப்பீங்களா?

இல்லை. பாதி வாழ்க்கை சோதனைக் குடுவையோடுதான். பாக்டீரியாவை 37 டிகிரியில் ஆட்டி வளர்க்க வேண்டும், சரியான அளவு கலங்கலாக வந்ததும் புரதம் செய்யச் சொல்லும் மருந்தைச் சேர்க்க வேண்டும், மறுநாள் செல்களை உடைத்து, நிக்கல் பூசிய குழாய் வழியே விட்டு நமக்கு வேண்டிய புரதத்தை மட்டும் பிரிக்க வேண்டும். எல்லாம் ஐஸ் மேலே, வேகமாக. கடைசியில் கையில் நிற்பது அரை மில்லி திரவம். ஐந்து மில்லிமீட்டர் அகலக் கண்ணாடிக் குழாயில் நீள மூக்குள்ள பிப்பெட்டால் அடியிலிருந்து மெதுவாக விட வேண்டும், ஒரு குமிழிகூட நிற்கக் கூடாது.

கருவியில் வைத்தபின் அளவீடு மணிக்கணக்கில், சிலது நாள்கணக்கில் ஓடும். காரணம் இருக்கிறது: 600 மெகாஹெர்ட்ஸ் காந்தத்திலும் ஒரு லட்சம் ஹைட்ரஜன் கருவுக்குச் சுமார் ஐந்துதான் கூடுதலாக நமக்குச் சாதகமாகத் திரும்பி நிற்கும், அந்த ஐந்தின் சிக்னலைத்தான் கேட்கிறோம். திரும்பத் திரும்பக் கேட்டுக் கூட்டினால்தான் இரைச்சலிலிருந்து பிரியும்.

எக்ஸ்ரே, கிரையோ மைக்ராஸ்கோப் எல்லாம் இருக்கும்போது இது எதுக்கு?

புரத வடிவங்களின் பொதுக் களஞ்சியத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன, அதில் என்எம்ஆரில் வந்தது பத்தில் ஒன்றுகூட இல்லை. பெரிய புரதம் என்றால் என்எம்ஆருக்குக் கஷ்டம். 1997-இல் வந்த ட்ரோசி முறை அந்த எல்லையைத் தள்ளிவைத்தது, ஆனாலும் எல்லை இருக்கிறது. பல மூலக்கூறுகள் சேர்ந்த பெரிய கூட்டங்களுக்கு, உறையவைத்து எலக்ட்ரான் கற்றையில் பார்க்கிற கிரையோ மைக்ராஸ்கோப்தான் சரி, 2017 நோபல் அதற்குத்தான்.

ஆனால் எக்ஸ்ரேக்குப் புரதம் படிகமாக வேண்டும், கிரையோவுக்கு உறைய வேண்டும். என்எம்ஆரில் புரதம் தண்ணீரில் மிதந்து அசைந்துகொண்டே இருக்கும்போது பார்க்கலாம். பிக்கோ நொடியில் (நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) நடக்கிற துடிப்பு முதல் சில நொடி எடுக்கிற திருப்பம் வரை அளக்க முடியும். மூளை நோய்களில் பேசப்படுகிற டாவ், ஆல்ஃபா-சைனியூக்ளின் மாதிரி நிலையான வடிவமே இல்லாத புரதங்களைப் பார்க்க இதைவிட நல்ல வழி குறைவு. நான் இந்தத் துறையை விடாமல் பிடித்திருப்பதும் இதற்காகத்தான்: புரதம் உயிரோடு வேலை செய்வது அசைவில்தான்.

ஏஐ எல்லா புரதத்தையும் கண்டுபிடிச்சிடுச்சாமே? இனிமே இந்தப் படிப்பு தேவையா அக்கா?

அமினோ அமில வரிசையை வைத்தே புரத வடிவத்தைக் கணிக்கிற ஏஐ, ஆல்ஃபாஃபோல்டு, நிஜமாகவே பெரிய சாதனை, 2024 வேதியியல் நோபலில் பாதி டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் போனது. 20 கோடிக்கு மேல் கணிப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன, நாங்களும் தினம் பயன்படுத்துகிறோம். வெறும் வடிவத்தை மட்டும் கண்டுபிடித்து ஆராய்ச்சிப் பட்டம் வாங்குகிற காலம் போய்விட்டது என்பதும் உண்மை.

ஆனால் அது கற்றுக்கொண்டதே மேலே சொன்ன களஞ்சியத்தில் மனிதர்கள் பல பத்தாண்டுகள் உழைத்துச் சேர்த்த வடிவங்களிலிருந்து. அது தருவது பெரும்பாலும் ஒரு நிலையான உருவம். நிலையான வடிவமில்லாத பகுதி வந்தால் "நம்பிக்கை குறைவு" என்று அதுவே நிறம் போட்டுக் காட்டிவிடும். முந்தின பதிலில் சொன்ன அசைவு, ஒட்டுதல், வெப்பம் மாறினால் என்ன ஆகும் என்பதெல்லாம் இன்னும் அளந்துதான் தெரிய வேண்டும்.

இதனால சனங்களுக்கு என்னங்க பிரயோசனம்?

ஒரு மருந்தைச் சொல்கிறேன். வெனெட்டோகிளாக்ஸ், ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கானது, 2016-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. செல் சாகாமல் தடுக்கிற ஒரு புரதத்தின்மேல் சின்னச் சின்ன மூலக்கூறுகள் எங்கே ஒட்டுகின்றன என்று என்எம்ஆரில் பார்த்து, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியதைச் சேர்த்துப் பெரிதாக்கியதில் தொடங்கிய பாதை அது. ஆரம்பத்திலிருந்து மருந்து வர ஏறக்குறைய 20 வருடம் ஆனது. இந்த வேலையின் பலன் அப்படித்தான், மெதுவாக வரும்.

நம்ம தண்ணில இருக்கிற ஃப்ளோரைட இதுல பாக்கலாமா?

நம் மாவட்டத்தில் தண்ணீரிலிருக்கும் ஃப்ளோரைடால் பல்லில் கறையோடு வளர்ந்த யாருக்கும் வருகிற கேள்வி. ஃப்ளோரின்-19 என்எம்ஆருக்கு அருமையான கரு, இயற்கையில் கிடைக்கிற ஃப்ளோரின் முழுக்க அதுதான், புரதத்தில் ஃப்ளோரின் இயல்பாக இல்லாததால் நாம் சேர்த்தது மட்டும் பளிச்சென்று தெரியும். ஆனால் குடிதண்ணீர் சோதனைக்கு இவ்வளவு விலையுள்ள கருவி வேண்டாம். ஃப்ளோரைடு மின்முனை போதும், லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. போர் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் சோதித்துவிட்டு, ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வருகிற இடத்தில் அதையே குடியுங்கள்.

பதினொண்ணாவதுல எந்த குரூப்? நீட் கிடைக்கலன்னா இதுக்கு வரலாமா?

இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கும் உள்ள குரூப் நல்லது. கல்லூரியில் இயற்பியல், வேதியியல், உயிர்வேதியியல் எதிலிருந்தும் வரலாம். சிதம்பரத்தில் பிறந்து 2009-இல் நோபல் வாங்கிய வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் ஆராய்ச்சிப் பட்டம் முடித்துவிட்டுத்தான் உயிரியல் படிக்கப் போனார். கணிதத்தை மட்டும் விடாதீர்கள். பிளஸ் டூ முடித்ததும் ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) நுழைவுத் தேர்வு, பட்டப்படிப்பு முடித்ததும் முதுகலைக்கு ஜாம் தேர்வு, ரெண்டையும் பற்றி நம் பக்கம் பள்ளியில் யாரும் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

நீட் கிடைக்காதவர்கள் தாராளமாக வரலாம். ஆனால் மனசுக்குள் டாக்டர் ஆகவில்லையே என்று நினைத்துக்கொண்டே வந்தால் இந்த மெதுவான வேலை கசந்துவிடும்.

தமிழ் மீடியத்துல படிச்சவ நான், சமாளிக்க முடியுமா?

முடியும். முதல் வருடம் கஷ்டம்தான், கூட்டத்தில் கேள்வி கேட்க வாய் வராது. அறிவியல் கட்டுரைகளின் ஆங்கிலம் குறுகிய உலகம், அதே முந்நூறு நானூறு சொற்கள்தான் சுற்றிச் சுற்றி வரும். தினம் ஒரு பக்கம் சத்தமாகப் படியுங்கள். தமிழில் ஆழமாகப் புரிந்துகொண்டவருக்கு ஆங்கிலம் பின்னாலேயே வந்துவிடும்.

அஞ்சாறு வருஷம் யாரு செலவு பண்றது?

வீட்டிலிருந்து பணம் போகாது. சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. இது 2023 ஜனவரியிலிருந்து உள்ள தொகை. கேட் (GATE) தேர்வு மதிப்பெண் வைத்தும் பல இடங்களில் நேர்காணலுக்குப் போகலாம். சில சமயம் உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகும், கையில் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொள்வது அவசியம்.

பொண்ண அவ்ளோ வருஷம் படிக்க வெச்சா கல்யாணம் எப்பங்க?

இதைக் கேட்காத பெற்றோரே இல்லை, கோபமில்லாமல் சொல்கிறேன். நம் மாவட்டத்தில் நல்லாப் படிக்கிற பெண்ணைப் பட்டம் முடிப்பதற்குள்ளேயே கட்டிக்கொடுப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் வயிறு எரிகிறது. படிப்பும் கல்யாணமும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. ஆராய்ச்சிக் காலத்தில் பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு மற்றும் குழந்தை பராமரிப்பு விடுப்பும், முடிக்கக் கூடுதலாக இரண்டு வருடமும் யுஜிசி விதியிலேயே இருக்கிறது. ஓசூர் தாண்டினால் பெங்களூர், வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துவிடலாம். "எப்ப முடியும்" என்று அவளிடம் கேளுங்கள், "போதும்" என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

அவ்ளோ உழைச்சும் புரதம் கரையாம தயிராட்டம் திரிஞ்சு போச்சுன்னா?

போகும். அடிக்கடி போகும். உப்பு, அமிலத்தன்மை, வெப்பநிலை மாற்றிப் பார்ப்போம், புரதத்தின் வால் பகுதியை வெட்டிப் பார்ப்போம், வேறு உயிரினத்தின் அதே புரதத்தை எடுப்போம். முழு வடிவம் வராவிட்டாலும், நல்ல எச்எஸ்க்யூசி படம் ஒன்று இருந்தால் எது எங்கே ஒட்டுகிறது, எந்தப் பகுதி அசைகிறது என்று காட்டியே ஆராய்ச்சிப் பட்டம் வாங்கலாம். சேரும்போதே வழிகாட்டியிடம் ரெண்டாவது புரதம் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முடிச்சா வேலை கிடைக்குமா, இல்ல சும்மா உட்கார வேண்டியதா?

பேராசிரியர் வேலை குறைவு, போட்டி அதிகம். பட்டத்துக்கு அப்புறமும் வெளிநாட்டிலோ இங்கேயோ சில வருடம் ஆய்வாளராக இருந்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க முடியும். முப்பது வயதைத் தாண்டியும் நிரந்தர வேலை இல்லாமல் இருக்க நேரிடும், இதை மறைத்து யாரையும் இந்தத் துறைக்குக் கூப்பிட மாட்டேன். ஆனால் மருந்து நிறுவனங்களில் என்எம்ஆர் இல்லாமல் வேலை நடக்காது, அங்கே பெரும்பாலும் சின்ன மூலக்கூறுகள்தான். ஆகவே புரதத்தோடு நிற்காமல், ஆய்வகத்தில் இருக்கும்போதே சின்ன மூலக்கூறின் நிறமாலையைப் படிக்கவும் கருவியைப் பராமரிக்கவும் கற்றுக்கொண்டால் பெங்களூர், ஹைதராபாத்தில் வேலைக்கு வழி உண்டு.

நான் பிஎஸ்சி ரெண்டாம் வருஷம், தர்மபுரிலேர்ந்தே இப்போ என்ன பண்ணலாம் அக்கா?

புரதக் களஞ்சியம் இணையத்தில் இலவசம். ஃபோனிலேயே ஹீமோகுளோபினையோ இன்சுலினையோ திறந்து விரலால் திருப்பிப் பாருங்கள், என்எம்ஆரில் வந்த வடிவம் என்றால் 20 உருவமும் சேர்ந்து தெரியும், எந்தப் பகுதி ஒன்றாக இருக்கிறது, எது பரந்து கிடக்கிறது என்று கவனியுங்கள். இலவச இணையப் பாடங்கள் தருகிற என்பிடெல் தளத்தில் என்எம்ஆர் பாடங்கள் இருக்கின்றன.

அதைவிட முக்கியம், இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டம். கல்லூரி மாணவர்களை ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பி, உதவித்தொகையும் தருவார்கள். முந்தின வருடக் கடைசியிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். என்ன செய்ய ஆசை என்று சொந்தமாக ஒரு பக்கம் எழுத வேண்டும், ஆசிரியரின் பரிந்துரையும் வேண்டும். தீபாவளிக்கு முன்பே உங்கள் ஆசிரியரிடம் போய்க் கேட்டு வையுங்கள், கடைசி நாளில் கேட்டால் அவரால் நல்லபடியாக எழுத முடியாது.